வீடு எமது, திறப்பு அவர்களது

2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு பின்னேரம் வெள்ளவத்தையில் இடியுடன் மழை கொட்டியது. கொழும்பில் வாழ்பவர்களுக்கு இது புதுமையல்ல. இரண்டு பருவப்பெயர்ச்சிகளுக்கும் இடைப்பட்ட அந்த மாதத்தில் காலையில் வெயில் சுட்டெரிக்கும், பிற்பகலில் வானம் இருண்டு இடி இறங்கும். அன்றும் அப்படித்தான். எமது தொடர்மாடியில் மின்சாரம் ஒரு கணம் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது எனது வீட்டு ரவுட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. இரண்டு மாடி மேலே தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டிலும் அதே நிலைமை. அவரை நாம் எல்லோரும் ரீச்சர் என்றே அழைப்போம்.

ரவுட்டர் ஒன்று எரிந்துபோனது எழுதுவதற்குரிய விடயமா என்று வாசகர்கள் கேட்கலாம். போரையும் இடப்பெயர்வையும் ஆட்சி மாற்றங்களையும் எழுதியே தொழில் வாழ்க்கையைக் கழித்த எனக்கும் முதலில் அந்த எண்ணமே இருந்தது. அடுத்த மூன்று வாரங்களில் நடந்தவை அந்த எண்ணத்தை மாற்றின.

முதலில் எனது கதையைச் சொல்லிவிடுகிறேன். இணையச் சேவை வழங்கும் நிறுவனத்தின் உடனடித் தொலைபேசி இலக்கத்தை அழைத்தேன். சிங்களத்திற்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்திற்கு 3 என்றது இயந்திரக் குரல். 2ஐ அழுத்தினேன். இருபது நிமிடங்கள் சங்கீதம் கேட்ட பின்னர் ஒரு இளம்பெண் சிங்களத்தில் வணக்கம் சொன்னார். தமிழில் பேசுபவர் இப்போது இல்லை, பரவாயில்லையா என்று மரியாதையாகவே கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும், சமாளித்தேன். மின்னல் தாக்கிய கருவிக்கு உத்தரவாதம் செல்லாது, கிளை அலுவலகத்துக்குச் சென்று பணம் செலுத்திப் புதியதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மூன்றாம் நாள் செத்துப்போன பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய், இலக்கம் பெற்று, வரிசையில் இருந்து, பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டுடன் புதிய ரவுட்டரை வாங்கி வந்தேன். ரீச்சருடையதையும் நானே வாங்கி வந்தேன். அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு தொழில்நுட்பவியலாளர் ஐந்தாம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

நல்ல பொடியன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்து வரும் பைபர் வயரைக் கொழுவினார். தனது கைத்தொலைபேசியில் எதையோ பார்த்து ரவுட்டருக்குள் எதையோ பதிந்தார். ஐந்து நிமிடங்களில் எல்லாம் சரி. இப்போது பதிந்தது என்ன என்று கேட்டேன். இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்றார். அவற்றை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். வாடிக்கையாளருக்குக் கொடுக்க அனுமதி இல்லை ஐயா என்றார். பெட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டி, உங்களுக்கு வேண்டியது இதுதான் என்று அங்கே ஒட்டியிருந்த வை-பை கடவுச்சொல்லைச் சுட்டிக்காட்டிவிட்டுப் புறப்பட்டார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் அவசியம். ரவுட்டருக்கு மூன்று திறப்புகள் உண்டு. முதலாவது வை-பை கடவுச்சொல். வீட்டிலுள்ள தொலைபேசியும் கணினியும் ரவுட்டரோடு பேசுவதற்கு அது வேண்டும். இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். கணினியில் 192.168.1.1 என்று தட்டினால் பல ரவுட்டர்களில் ஒரு பக்கம் திறக்கும், அங்கே அதைக் கேட்பார்கள். மூன்றாவது, ரவுட்டர் நிறுவனத்தின் வலையமைப்போடு பேசுவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும். எம்முடையதைப் போன்ற இணைப்புகளில் இந்த மூன்றாவது இல்லையென்றால் பெட்டியில் விளக்கு எரியும், வை-பை தெரியும், இணையம் மட்டும் வராது.

எனக்குக் கிடைத்தது முதலாவது திறப்பு மாத்திரமே. அதை வைத்து ஒரு வேலை செய்தேன், வாசகர்களுக்கும் பயன்படும். பழைய ரவுட்டரில் இருந்த அதே வை-பை பெயரையும் அதே கடவுச்சொல்லையும் புதியதிலும் எழுத்துப் பிசகாமல் பதிந்துவிட்டால் வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் தாமாகவே இணைந்துகொள்ளும். ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை. ஆனால் அதே பக்கத்தில் நிறுவனத்துடனான இணைப்பு விபரம் இருக்க வேண்டிய இடம் எனக்கு மறைக்கப்பட்டிருந்தது. அது வேறொரு நிர்வாகிக் கணக்கில் இருக்கிறதாம், அந்தக் கணக்கு நிறுவனத்துக்குரியதாம். பெட்டி எனது பணத்தில் வாங்கியது, எனது சுவரில் தொங்குகிறது, எனது மின்சாரத்தில் இயங்குகிறது. உள்ளே ஒரு அறைக்கு நான் போக முடியாது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை என்றால் இத்துடன் விட்டிருப்பேன். இனி ரீச்சரின் கதை.

ரீச்சர் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்தவர். சிங்களம் கடையில் சாமான் வாங்குமளவுக்கே தெரியும். ஆங்கிலம் வாசிப்பார், பேசக் கூச்சப்படுவார். அவருடைய ஒரே தமையனார் எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போனவர். அங்கே நோயுற்றிருந்தார். மருமகன் வாங்கி அனுப்பிய ரப்லட் ஒன்றில் ஒவ்வொரு மாலையும் தமையனின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே ரீச்சரின் அன்றாடக் கடமை. அந்த ரப்லட்டில் சிம் இல்லை, வை-பையில் மட்டுமே இயங்கும். கையில் இருப்பது பொத்தான் தொலைபேசி.

புதிய ரவுட்டர் பூட்டி ஆறாம் நாள் இணையம் நின்றது. நான் அப்போது வேலையாக மட்டக்களப்பில் இருந்தேன். ரீச்சர் 2ஐ அழுத்தியிருக்கிறார். சிங்களத்தில் பேசியவர், பெட்டியின் பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியால் பத்துச் செக்கன் அழுத்தச் சொல்லியிருக்கிறார், அல்லது அழுத்தவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எது என்று ரீச்சருக்கு இன்றுவரை தெரியாது. "ஊசி எண்டது விளங்கினது தம்பி, துளை எண்டது விளங்கினது. அதால குத்திப்போட்டன்" என்றார் என்னிடம்.

அந்தத் துளைக்குள் இருப்பது தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும் பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால் ரவுட்டரில் பதிந்தவை எல்லாம் அழியும், மூன்றாவது திறப்பும் சேர்ந்து அழியும். நிறுவனம் தூரத்திலிருந்து சரிசெய்யவும் முடியாது, ஏனெனில் அந்த விபரம் இல்லாமல் ரவுட்டர் நிறுவனத்தை எட்டவே மாட்டாது. மீண்டும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வர வேண்டும். வருவதற்கு ஒன்பது நாள் எடுத்தது.

அந்த ஒன்பது நாளுக்குள் தமையனார் காலமானார்.

மருமகன் ஜேர்மனியிலிருந்து பொத்தான் தொலைபேசிக்கு அழைத்துச் செய்தியைச் சொன்னார். தகனக் கிரியைகளை நேரலையாகக் காட்டப்போகிறோம், மாமி கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். இணையம் இல்லை என்றதும், கம்பனி தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாசியுங்கோ மாமி, நான் ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன் என்றார். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படி ஒரு தாள் வீட்டில் இருக்காது என்பது விளங்கவில்லை. ரீச்சர் பெட்டியைத் திருப்பித் திருப்பி அதிலுள்ள இலக்கங்களை எல்லாம் வாசித்திருக்கிறார். அரை மணித்தியாலம் வாசித்தும் பயனில்லை.

பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று திரும்பி வந்த பின்னர் கேட்டேன். "துடக்கோட எப்படித் தம்பி மற்றவையின்ர வீட்டுப் படி ஏறுறது?" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மக்களைப் பல நாடுகளுக்குச் சிதறவிட்ட ஓர் இனத்துக்கு இணைய இணைப்பு பொழுதுபோக்குச் சாதனம் அல்ல. கலியாணத்தையும் செத்தவீட்டையும் நாம் இன்று அதனூடாகவே செய்கிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுமுனையில் ஊரிலோ கொழும்பிலோ ஒரு தாயோ தமக்கையோ இருப்பார். அந்த முனையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதே எனது கேள்வி.

மருமகன் கேட்ட தாள் கற்பனையானதல்ல. ஜேர்மனியில் 2016 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணைப்புக்குத் தேவையான விபரங்களை, வாடிக்கையாளர் கேட்காமலே, இலவசமாக, எழுத்து வடிவில், ஒப்பந்தம் செய்யும்போதே நிறுவனம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. கடையில் விரும்பிய ரவுட்டரை வாங்கி வந்து பூட்டுவதைத் தடுக்கவும் முடியாது. விரும்பிய முனையக் கருவியைப் பயன்படுத்தும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் திறந்த இணைய ஒழுங்குவிதி ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் இந்த வழக்கு இன்னும் பழையது. அங்கே தொலைபேசி நிறுவனம் தான் கொடுத்ததைத் தவிர வேறெதையும் தனது தொலைபேசியில் பொருத்தக்கூடாது என்றது. பேசுவது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதிருக்க வாய்ப்பகுதியில் மாட்டும் ஒரு சாதாரண மூடியைக்கூட அது எதிர்த்தது. ஹஷ்-ஏ-போன் என்ற அந்த மூடிக்குச் சார்பாக மேன்முறையீட்டு நீதிமன்றம் 1956இல் தீர்ப்பளித்தது. 1956 எமக்கு வேறொரு காரணத்துக்காக மறக்க முடியாத ஆண்டு, அதற்குப் பின்னர் வருகிறேன். 1968இல் காட்டர்போன் வழக்கில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் இணைக்கலாம் என்றது. வீட்டுத் தொலைபேசி வயரில் பதிலளிக்கும் இயந்திரமும் தொலைநகலும் மொடெமும் பரவலாக ஏறியது அந்தக் கதவு திறந்த பிறகுதான்.

நிறுவனங்கள் சொல்லும் நியாயங்களையும் பார்ப்போம். கிளை முகாமையாளரிடம் பேசியபோது அவர் மூன்றைச் சொன்னார்.

முதலாவது பாதுகாப்பு. வாடிக்கையாளர் கையில் விபரம் போனால் துஷ்பிரயோகம் நடக்குமாம். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை வங்கி எனக்குத்தான் தருகிறது, துஷ்பிரயோகம் நடக்குமென்று தானே வைத்துக்கொள்வதில்லை. நிறுவனத்தின் பிடியில் இருந்தால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையல்ல. ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்கென 2004இல் டி.ஆர்-069 என்ற நெறிமுறை வகுக்கப்பட்டது. அது பயனுள்ளதே, மென்பொருள் ஓட்டைகளை அடைக்க அது உதவுகிறது. ஆனால் 2016 நவம்பரில், அத்தகைய தூர நிர்வாகத்துக்கெனத் திறந்து வைக்கப்பட்ட வாயிலைக் குறிவைத்து நடந்த தாக்குதலில் ஜேர்மனியின் மிகப்பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளரின் ரவுட்டர்கள் நிலைகுலைந்தன. நிறுவனத்துக்கென வைத்த பின்கதவால் திருடனும் வருவான். பாதுகாப்பில் உண்மையான அக்கறை இருந்தால் செய்ய வேண்டியது வேறு. ஊரறிந்த ஒரே கடவுச்சொல்லை எல்லாப் பெட்டிகளுக்கும் போட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29ஆம் திகதி முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. எனது புதிய ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு வந்த பெயரும் கடவுச்சொல்லும் ஒரே சொல், அது எதுவென்று பத்து வயதுப் பிள்ளையும் ஊகிக்கும்.

இரண்டாவது, பைபர் இணைப்பில் கருவியின் தொடரிலக்கத்தை நிறுவனத்தின் பக்கத்தில் பதிய வேண்டும், ஆகையால் வெளிக் கருவி ஒத்துவராது என்பது. பதிய வேண்டும் என்பது உண்மை. தாம் விற்கும் பெட்டிக்கும் அதைத்தானே செய்கிறார்கள்? தவிரவும், ரீச்சரின் பெட்டி வெளிக் கருவி அல்ல, அவர்களே விற்றது. அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு வரி எழுதிய ஒரு தாள்.

மூன்றாவது, மக்களுக்கு இது விளங்காது, கிண்டிக் கெடுத்துவிடுவார்கள் என்பது. இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. விளங்கும் மொழியில் சொல்லாமல் இருந்துவிட்டு விளங்காது என்பது எந்த ஊர் நியாயம்?

பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பல பக்கங்கள், சிங்களத்தில் ஒரு மடிப்பு, தமிழில் அதே மடிப்பின் மறுபக்கம். தமிழ்ப் பக்கத்தை எந்த மனிதரும் எழுதியிருக்க முடியாது, எந்த மனிதரும் அச்சுக்கு முன்னர் வாசித்திருக்கவும் முடியாது. தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்புதல் அங்கே 'தொழிற்சாலையை ஓய்வெடுக்கச் செய்யவும்' ஆகியிருந்தது. ஊசியால் அழுத்த வேண்டிய அந்தத் துளையைப் பற்றித் தமிழ் வாசிக்கும் வாடிக்கையாளருக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை இதுதான். பேருந்து இருக்கையில் 'தாய்மார்' 'நாய்மார்' ஆன படத்தைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம், கொதித்தும் இருக்கிறோம். இந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட யாரும் இல்லை, ஏனெனில் அதை யாரும் வாசிப்பதில்லை.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987 நவம்பரில் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அந்த ஒரு வரிக்கு இடையில் என்னென்ன நடந்தன என்பதை நான் இங்கே பட்டியலிடவில்லை. மொழி பற்றிய அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் அரச நிர்வாகத்தையும் நீதிமன்றங்களையும் பற்றியே பேசுகிறது, தனியார் கம்பனிக்கு அது பொருந்தாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி. ஆனால் இந்த நாட்டில் தொலைத்தொடர்புச் சேவை நடத்த 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரத்துக்கு நிபந்தனை விதிக்கலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அலைவரிசைகளையும் கட்டணங்களையும் கவனிக்க நேரம் இருக்கிறதென்றால் ஒரு தாளைக் கவனிக்கவும் நேரம் இருக்க வேண்டும்.

எனது கோரிக்கைகள் பெரியவை அல்ல. இணைப்பு விபரங்கள் முழுவதையும் எழுதிய ஒரு தாளை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூன்று மொழிகளிலும் கொடுக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய ரவுட்டரின் நிர்வாகக் கணக்கு வாங்கியவருக்குத் திறந்திருக்க வேண்டும், தூரத்திலிருந்து தொடுவதானால் அவருடைய சம்மதம் பெற வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியான கடவுச்சொல் இருக்க வேண்டும். 2ஐ அழுத்துபவருக்குத் தமிழ் பேசும் ஒருவர் கிடைக்க வேண்டும், அல்லது அந்தத் தெரிவையே எடுத்துவிட வேண்டும். இல்லாததை இருப்பதாகச் சொல்வதைவிட அது நேர்மை.

கடைசியாக எம்மைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தமிழில் அழைப்பவர்கள் மிகக் குறைவு, ஆட்களை வைத்துக் கட்டாது என்றார் முகாமையாளர். நான் மறுத்துப் பேச வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். ஏனெனில் இரண்டாம் நாள் மீண்டும் அழைத்தபோது நானே 3ஐ அழுத்தியிருந்தேன். விரைவாக வேலை முடிந்தது. கொழும்பில் ஆங்கிலமோ சிங்களமோ தெரிந்த தமிழர்கள் அனைவரும் இதைத்தான் செய்கிறோம். எமது அவசரத்துக்காக நாம் அழுத்தும் ஒவ்வொரு 1உம் ஒவ்வொரு 3உம் அவர்களின் கணக்கில் தமிழருக்குத் தமிழ் தேவையில்லை என்று பதிவாகிறது. வேறு மொழி தெரியாத ரீச்சர்மார் 2ஐ அழுத்திவிட்டுச் சங்கீதம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இருபது நிமிடங்கள் காத்திருக்க எம்மால் முடியும். சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் பேசுபவரைத் தாருங்கள் என்று கேட்கவும் முடியும். கிடைக்காவிட்டால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் ஒரு கடிதம் எழுதவும் முடியும். நான் தமிழில் எழுதி இரண்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள பெற்றோரை அழைக்கும்போது, உங்களுடைய இணைப்பின் விபரங்கள் எழுதிய தாள் வீட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

தமையனாரின் கிரியைகளைப் பதிவுசெய்து மருமகன் பின்னர் அனுப்பிவைத்தார். எட்டுச் செலவுக்குப் பிறகு, இணைப்பும் திரும்பிய பிறகு, ரீச்சர் அதைப் பார்த்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். முடிந்ததும் ரப்லட்டை மூடி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இனி அந்தத் துளைக்குள்ள நான் கை வைக்கிறேல்லத் தம்பி. ஆனா அதில என்ன எழுதியிருக்கு எண்டு ஆரும் தமிழில சொல்லியிருக்கலாம் தானே?"